பீரோ ஏறும் படிக்கட்டு

பொறியாளர் தணிகாசலம் காலமான செய்தியை அவர் மகன் போனில் சொன்னபோது, நான் ஒரு வரைபடத்தில் பால்கனி போட்டுக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பால்கனி வரையும்போதெல்லாம் அது என் வழக்கம். அவரோடு வேலை செய்து, இன்று இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் அடுக்குமாடிக் கட்டடம். வடிவமைப்பு என்னுடையது, கட்டுமானக் கணக்கு அவருடையது. எல்லா வீட்டிலிருந்தும் கல்வராயன் மலை தெரிகிற மாதிரி அகலமான பால்கனி வைத்திருந்தேன். என் பெயர் அதில்தான் நிற்கும் என்று நம்பினேன். அவர் படிக்கட்டையும் அதன் திருப்பத்தையும் பெரிதாக்கினார். பால்கனி ஓர் ஆள் நிற்கும் அளவுக்குச் சுருங்கியது.

"லிஃப்ட் இருக்கே, எதுக்கு இவ்வளவு பெரிய படி?"

"லிஃப்ட்ல பீரோ நிக்குமா சார்? பொண்ணூட்டு சீரைக் கீழ வெச்சிக்கினு மேல குடும்பம் நடத்துவாங்களா?"

வீடு வாங்க வந்திருந்த தியாகதுருகம் விவசாயிகள் எல்லாரும் அவர் கட்சி. அந்த மழைக்காலம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

படிக்கட்டு முடிந்ததும் மூன்றாம் மாடிக்கு ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். அதில் கைகட்டி, கண்ணை மூடி, நீட்டிப் படுத்துக்கொண்டார். "தூக்குங்க" என்றார். கொத்தனார்கள் பின்வாங்கினார்கள்.

"வாணாம் சார், வூட்ல அம்மாவுக்குத் தெரிஞ்சா எங்கள உட மாட்டாங்க."

"பீரோ ஏறும், மனுசன் எறங்கணும்பா. வூடு விக்கிற எடத்துல அதச் சொல்ல முடியுமா? அதான் பீரோ பீரோன்னு சொல்லிக்கினு கெடக்கறன்."

தலைமாட்டை நான் பிடித்தேன். திருப்பத்தில் வேண்டுமென்றே கட்டிலைச் சுவரில் ஒரு தட்டு தட்டினேன். அவர் கண் திறந்தார்.

"இவ்ளோ எடம் உட்டும் இடிக்குதுன்னா, அது கோவம் சார்."

சிரித்த சிரிப்பில் அவரைக் கீழே போட்டிருப்போம்.

பிறகு அதே மூன்றாம் மாடியில் அவரே வீடு வாங்கினார். போன வாரம் ஃப்ரீசர் பெட்டி சாயாமல் மேலே போனது. அவரும் சாயாமல் கீழே வந்தார். தலைமாடு என் கையில்தான். திருப்பத்தில் சுவரையே பார்த்துக்கொண்டு இறங்கினேன். எங்கும் இடிக்கவில்லை.

"எதிர் கட்டடத்துல எறந்தவர நாற்காலில ஒக்கார வெச்சில்ல லிஃப்ட்ல எறக்கனாங்க" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். "இவரு படுத்த வாக்குலயே ராஜா மாதிரி எறங்கிட்டாரு."

பால்கனி விஷயத்தில் அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இப்போது எந்தக் கட்டடத்துக்கும் முதலில் படிக்கட்டின் திருப்பத்தைத்தான் வரைகிறேன். இங்கே எதற்கு இவ்வளவு இடம் என்று வீடு வாங்க வருபவர்கள் கேட்கிறார்கள்.

"பீரோ ஏறணும்ங்க" என்கிறேன்.