பெரியம்மா ஓட்டிய உப்பு லாரி

என் பெரியம்மா ராமநாதபுரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். அம்மாவுக்கு மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிக்கல் என்கிற ஊரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஒன்றாம் வகுப்பிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னோடு வைத்துப் படிக்கவைத்தாள். தலை பின்னிவிடுவதிலிருந்து காய்ச்சலுக்கு நெற்றியில் பற்றுப்போடுவது வரை எல்லாம் அவள்தான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் இரண்டாம் நாளே, எப்போது திரும்பிப் போவோம் என்று அவள் புடவையைப் பிடித்து இழுப்பேன். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்திருக்க வேண்டும்.

பள்ளி விட்டு வரும்போது மெயின் ரோட்டைக் கடக்குமிடத்தில் பெரியம்மா நின்றுவிடுவாள். ரோடு காலியாக இருந்தாலும் நிற்பாள். தூரத்தில் லாரி வந்தால் நம்பர் பிளேட்டைக் காட்டி, இது ஆந்திரா, இது மகாராஷ்டிரா, இது எங்கேயோ ராஜஸ்தானிலிருந்து வருகிறது என்பாள். பொது அறிவு சொல்லித்தருகிறாள் என்று நினைத்து நானும் மனப்பாடம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பெஷல் கிளாஸ் என்று கிளம்பிப் போவாள். கணக்கு எடுக்கப் போன டீச்சர் விரலிடுக்கில் கிரீஸோடு திரும்பி வருவது எனக்கு விசித்திரமாகவே படவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் எல்லோரும் சிக்கலில் கூடியிருந்தோம். சென்னையிலிருந்து மாமாவும் வந்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியம்மா, ரசத்துக்கு உப்புப் பத்தவில்லை என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

“வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். லாரிக்குப் போறேன்.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “லாரி வாங்கப் போறியாக்கா?”

“ஓட்டப் போறேன்.”

மாமாதான் முதலில் கத்தினார். “இருவது வருசமாப் பாத்த கவர்மெண்டு வேலைய எவளாச்சும் விடுவாளா? ஊரு என்ன பேசும்?”

“ஒன்னையப் படிக்கவைக்க நான் வேலைக்குப் போனப்ப ஊரு ஒண்ணும் பேசலயே தம்பி,” என்றாள் பெரியம்மா. கோபமில்லாமல்தான் சொன்னாள். மாமா அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

தாத்தா இறந்தபோது அம்மாவும் மாமாவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கிடைத்த வேலையில் பெரியம்மா சேர்ந்துகொண்டாள். அம்மாவுக்குக் கல்யாணம், மாமாவுக்கு இன்ஜினியரிங், பிறகு நான். இதெல்லாம் பின்னாளில் கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்று எனக்கு ஒரே கவலைதான்: இனி நான் யாரோடு இருப்பேன்?

அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யா மட்டும் நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்து கேட்டார். “ஹெவி லைசென்ஸா மதினி?”

பெரியம்மா எடுத்துக் கொடுத்தாள். அய்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “போட்டோ நல்லா வந்திருக்கு,” என்றார். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஆசீர்வாதம் அது.

பள்ளி திறந்ததும் என்னை உள்ளூரிலேயே சேர்த்தார்கள். சில வாரங்கள் கழித்து ஒரு மாலையில், வாலிநோக்கத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. லாரியின் முதலாளி, பெரியம்மாவிடம் படித்த ஒருத்தியின் அப்பா. கிளீனராக வந்தவர் பெரியம்மாவைவிட வயதில் மூத்தவர். “டீச்சர், இன்னும் கொஞ்சம் ஓரங்கட்டுங்க டீச்சர்,” என்று கீழே நின்று மரியாதையாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டுக்குப் போகிற முதல் லோடு. சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள்.

அம்மா அவளுக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். யார் கூப்பிட்டும் இறங்கவில்லை. கடைசியில் பெரியம்மா, “முதுகுளத்தூர் வரைக்கும் வரட்டும், பின்னால வண்டியில வந்து கூட்டிட்டுப் போங்க,” என்று அய்யாவிடம் சொன்னாள்.

அவ்வளவு உயரத்திலிருந்து எங்கள் ஊர் ரோட்டை நான் பார்த்ததில்லை. வறண்ட கண்மாய்களும் கருவேலங்காடும் காலடியில் போயின. பெரியம்மா பாடினாள். அவள் பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. சுதி சேரவில்லை. கிளீனர் நல்ல மனிதர், வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

“என்னையும் கூட்டிட்டுப் போங்க,” என்றேன்.

“பள்ளிக்கூடம்?”

“நீங்க மட்டும் பள்ளிக்கூடத்த விட்டுட்டீகல்ல?”

கிளீனர் சிரித்துவிட்டார். பெரியம்மா சிரிக்கவில்லை. “நீ இப்பத்தான் தாயி ஆரம்பிச்சிருக்க. நான் முடிச்சிட்டேன்.”

முதுகுளத்தூரில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினாள். அய்யா பின்னாலேயே வந்து வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். நான் சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பெரியம்மா என் விரல்களைப் பிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் அவளையே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். “நீ எறங்குனாத்தான் நான் போக முடியும்.”

அப்படியென்றால் நான் போகவில்லை என்று அடுத்து சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நானே இறங்கினேன்.

பெரியம்மா இன்றும் லாரி ஓட்டுகிறாள். போன வாரம்கூட பெல்லாரியிலிருந்து போன் செய்து, வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றாள். நான் மதுரையில் வங்கியில் வேலை பார்க்கிறேன். நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மாலையில் ரிங் ரோட்டில் சிக்னல் விழுந்து, பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றால், அது எங்கே போகிறது என்று கேட்டு ஏறிக்கொள்ளத் தோன்றுகிறது. பச்சை விழுந்ததும் ஸ்கூட்டியை வீட்டுப் பக்கம் திருப்பிவிடுகிறேன்.

அன்று லாரி கிளம்பியபோது கொஞ்சதூரம் கூடவே ஓடினேன். பெரியம்மா ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, தள்ளிப் போ என்று கையைக் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் அந்த முகம் அழுகிற முகமாக இல்லை. பளிச்சென்று, வயது குறைந்து, யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப்போல இருந்தது. பிறகு அவள் ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த எனக்கு, அவள் சந்தோஷமாக இருந்தால் முகம் இப்படித்தான் ஆகும் என்று தெரிந்திருக்கவில்லை. பெரியம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, ஊர் வந்து சேரும்வரை அய்யாவின் முதுகில் முகத்தை வைத்து அழுதேன்.