வாட்ச்மேன் மழை

அந்த வருடம் ஜூலை மாதம் எங்கள் பள்ளிக்கு ஓர் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. அரசு உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களே யோசித்துச் செய்யும் ஒரு திட்டத்துக்குச் சிறு நிதி தருவார்களாம். வேண்டிய கருவிகளை அவர்களே வாங்கி அனுப்பிவிடுவார்களாம். தலைமையாசிரியை அந்தக் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"டீச்சர், நீங்கதான் சயின்ஸ். பாருங்க. ஆனா எனக்கு ஒரு பிரச்சனையும் வரக்கூடாது."

அவர் நல்லவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடமும் பள்ளியில் எதுவுமே நடக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

நான் கடிதத்தை ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துப்போனேன். எங்களுடையது நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய ஒரு பெண்கள் பள்ளி. என்ன கருவி வேண்டும் என்று கேட்டதும் முதலில் வந்த பதில் ஏசி. அடுத்தது லிஃப்ட். எங்கள் பள்ளிக்கு மாடியே கிடையாது. அப்புறம் மூன்றாவது பெஞ்சிலிருந்து, அவ்வளவாகப் பேசாத ஒரு பெண் எழுந்து நின்றாள். அவளுடைய அம்மா எங்கள் சத்துணவுக் கூடத்தில் உதவியாளர்.

"மிஸ், போன்ல பாத்தா ஆவடில மழைன்னு போட்டுக்கீது. எங்க ஊட்டாண்ட வெயிலு கொளுத்துது. அப்ப இங்க எவ்ளோ மழைன்னு யாரு பாக்கறது?"

கேள்வி எனக்குப் பிடித்துவிட்டது. மழைமானி, காற்றுத்திசை காட்டி, வெப்பமானி, அவற்றை வைக்க ஒரு வெள்ளைப் பெட்டி என்று பட்டியல் போட்டோம். விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கடைசிக் கேள்வி, திட்டம் முடிந்த பிறகும் இது எப்படி நிலைத்திருக்கும் என்பது. நான் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன யோசனை? பூட்டுப் போட்டு வச்சா நிலைச்சிருக்கும்."

நான் அதைக் கொஞ்சம் நீட்டி, பாதுகாப்பு ஏற்பாடுகள் என்று எழுதினேன். செப்டம்பரில் நிதி கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. வகுப்பே குதித்தது. வடகிழக்குப் பருவமழைக்குக் கருவிகள் வந்துவிடும் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். அக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று. மழை கொட்டித் தீர்த்துவிட்டு டிசம்பரோடு கிளம்பிப் போயிற்று. பொங்கல் முடிந்து பள்ளி திறந்த அன்றைக்கு முதலில் வந்து சேர்ந்தது பெயர்ப்பலகை.

அறக்கட்டளையின் பெயரைப் பெரிதாகவும், அதற்குக் கீழே திட்டத்தின் பெயரைச் சிறிதாகவும் போட்ட, இரண்டு இரும்புக் கால் வைத்த பலகை. மைதானத்தின் ஓரத்தில் குழி தோண்டி நட்டோம். கருவிகள் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தன. அந்த மூன்று வாரமும் வெற்று மண்ணுக்கு நடுவில் பலகை மட்டும் பளபளவென்று நின்றது. எங்கள் பக்கத்தில் காலி இடத்தில் பலகை நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதல் வாரத்திலேயே ஒரு பெற்றோர் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா டீச்சர், இஸ்கூலு எடத்த பிளாட் போட்டு விக்கறாங்களாமே? ஒரு கிரவுண்டு இன்னா வெலன்னு எங்க மச்சான் கேக்கறான்."

தலைமையாசிரியை அன்று மாலை பலகைக்கு ஒரு கோணிப்பையைப் போர்த்திவிட்டார்.

கருவிகள் வந்து இறங்கியபோது உதவிக்கு வந்தவர் எங்கள் வாட்ச்மேன். பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்திருந்த ஆள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டு மாடியில் புறா வளர்த்தார். நான்கு கால் போட்டு, பக்கமெல்லாம் இடுக்கு இடுக்காகப் பலகை அடித்திருந்த அந்த வெள்ளைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சூப்பரா கீது டீச்சர். ஆனா கதவு சின்னதா வச்சிட்டான். புறா எப்டி உள்ள பூரும்?"

வெப்பமானி வைப்பதற்கு என்று விளக்கினேன். தலையை ஆட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. மழைமானியைத் தரையில் பதித்தோம். மேலே ஒரு புனல், உள்ளே தண்ணீர் சேரும் குடுவை, அளந்து பார்க்கத் தனியாகக் கோடு போட்ட கண்ணாடி ஜாடி. சுற்றிலும் கம்பி வேலி, தலைமையாசிரியையின் விருப்பப்படி ஒரு பூட்டு. சாவி வாட்ச்மேனிடம்.

தினமும் காலை எட்டரை மணிக்கு அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்ணோடு சேர்த்து நான்கு பெண்கள் வந்து வேலியைத் திறக்கச் சொல்லி, குடுவையை எடுத்துப் பார்த்து, நோட்டில் எழுதுவார்கள். பிப்ரவரி முடியும்வரை நோட்டில் ஒரே எண்தான், பூஜ்யம். மார்ச்சிலும் பூஜ்யம். ஆரம்பத்தில் ஓடி வந்தவர்கள் பிறகு நடந்து வந்தார்கள், அப்புறம் நின்று நின்று வந்தார்கள். ஒருத்தி பூஜ்யத்துக்குள் கண்ணும் மூக்கும் வரைய ஆரம்பித்தாள். அறக்கட்டளையிலிருந்து பார்வையிட வரப்போகிறார்கள் என்று தகவல் வேறு வந்துவிட்டது. நோட்டைப் புரட்டிய தலைமையாசிரியைக்கு முகமே மாறிப்போயிற்று.

"என்ன டீச்சர், முட்டை முட்டையா போட்டு வச்சிருக்கீங்க? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"மழை பெய்யலையே மேடம்."

"அது சரி," என்று பெருமூச்சு விட்டார். மழை பெய்யாததும் என்னுடைய அலட்சியத்தில் சேர்த்தி என்பது போல இருந்தது அந்தப் பெருமூச்சு.

அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளிக்குள் நுழைந்ததும் நான்கு பெண்களும் கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள். "மிஸ்! பன்னெண்டு மில்லிமீட்டர் மிஸ்!"

போய்ப் பார்த்தேன். ஜாடியில் தண்ணீர் இருந்தது. சரியாகப் பன்னிரண்டு. நான் குடியிருக்கும் பருத்திப்பட்டில் ஒரு பொட்டு மழை இல்லை. வரும் வழியிலும் தரை காய்ந்துதான் கிடந்தது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்ததெல்லாம் பெருமைதான். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, மிகச் சிறிய பரப்பில் மட்டும் பெய்யும் மழையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். வெப்பக் காற்று மேலே எழும்புவது, மேகம் திரள்வது, ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாமல் போவது எல்லாவற்றையும் கையை வீசி வீசி விளக்கினேன். இதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தத் திட்டமே என்றும் சொன்னேன். தலைமையாசிரியை கை தட்டினார். மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த வாட்ச்மேனும் தட்டினார்.

செவ்வாய்க்கிழமையும் பன்னிரண்டு. புதன்கிழமையும் பன்னிரண்டு.

புதன்கிழமை மாலை அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எதுக்குடி இது?"

"மழமானி பக்கத்துலயே வச்சுப் பாக்கலாம் மிஸ். அதுல பேஞ்சா இதுலயும் பேயணும்ல?"

வியாழக்கிழமை காலையில் மழைமானியில் பன்னிரண்டு மில்லிமீட்டர். ஒரு முழம் தள்ளி வைத்திருந்த வாளி சுக்காகக் காய்ந்து கிடந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த மஞ்சள்கூட நனையவில்லை. அவள் வாளியைச் சாய்த்து எனக்குக் காட்டினாள். மற்ற மூவரும் வாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். ஒலிபெருக்கியில் பேசிய பத்து நிமிடமும் எனக்கு வரி வரியாக ஞாபகம் வந்தது.

சாவி இருப்பது ஒருவரிடம்தான். கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை.

"நான்தான் டீச்சர் ஊத்துனேன். புள்ளைங்க டெய்லி வந்து தொறந்து பாத்துட்டு, மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு போவுதுங்க. மன்சு கேக்கல. ஒரே ஒரு டம்ளரு. அதுவும் பைப்பு தண்ணி இல்ல, நம்ம கேன் தண்ணி. கிளீனா இர்க்கட்டும்னு."

"மினரல் மழையா!" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவருக்கு எங்கே தப்பு நடந்தது என்றே புரியவில்லை. "நீங்ககூட மைக்குல நல்லாத்தான பேசுனீங்க டீச்சர்," என்றார்.

தலைமையாசிரியை விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பார்வையாளர் வருவது மறுநாள். "அந்தப் பக்கத்தக் கிழிச்சிடுங்க டீச்சர்," என்றார். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. நோட்டை வைத்திருந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்தான், "கிழிச்சா அந்தாண்டப் பக்கமும் கயண்டு வந்துடும் மிஸ்," என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். கடைசியில் நான்கு நாள் கணக்கையும் சிவப்பு மையில் அடித்துவிட்டு, எதிரே காரணம் எழுத முடிவானது. என்ன எழுதுவது என்று நான் சொல்லவில்லை. அவளே எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தவர் ஓர் இளம்பெண், கோயம்புத்தூர்க்காரர். தலைமையாசிரியை அறையில் டீ குடித்துக்கொண்டே நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். கண்ணும் மூக்கும் வைத்த பூஜ்யங்களைத் தாண்டி வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது என்னங்க, 'வாட்ச்மேன் மழை'னு போட்டிருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியை முந்திக்கொண்டார். "அது இந்தப் பக்கத்துல சொல்றதும்மா. மாங்கா மழைன்னு சொல்வாங்கல்ல, அது மாதிரி. மார்ச்சுல வரும்."

"ஓ, அப்படிங்களா?" என்று அவர் அதைக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். வாசலில் நின்றிருந்த அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்ணால் அதைத் தாங்க முடியவில்லை.

"இல்ல மேடம். வாட்ச்மேன் தாத்தா ஊத்துன தண்ணி."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டம்ளர், கேன் தண்ணி, சாம்பார் வாளி. என் ஒலிபெருக்கிப் பேச்சை மட்டும் விட்டுவிட்டாள். அதற்காக அவளுக்கு இன்றுவரை நான் நன்றியுடன் இருக்கிறேன். வந்தவர் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். வாளி வந்த இடத்தில் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தலைமையாசிரியையும் வேறு வழியில்லாமல் கொஞ்சமாகச் சிரித்து வைத்தார். வாட்ச்மேனைத் தேடிப் போய், மழைமானி பக்கத்தில் டம்ளரும் கையுமாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார் அந்தப் பெண். கிளம்பும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"போற ஸ்கூல்ல எல்லாம் நோட்டு ரொம்ப அழகா இருக்குதுங்க மிஸ். ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அடிச்சுத் திருத்துனதுன்னு ஒண்ணு இங்கதான் பாத்தேன்."

அவர் என்ன அறிக்கை கொடுத்தாரோ தெரியாது. இரண்டாம் வருடத்துக்கும் நிதி தொடரும் என்று மே மாதம் கடிதம் வந்தது. தலைமையாசிரியை அதை ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

அக்டோபரில் மழை வந்தது. நிஜமான மழை. இரண்டு நாள் விடாமல் பெய்ததில் பள்ளிக்கு எதிரே இருந்த புது அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் குளமாகிவிட்டது. அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், ஐடி கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் பள்ளிக்கு வந்தார். சாதாரண மழைக்கே தண்ணீர் புகுந்துவிட்டது என்று கட்டியவரிடம் சண்டை போடப் போகிறாராம். அவரோ ஊரே மூழ்கும் மழை என்று சாதிக்கிறாராம். "நேத்து இங்க எவ்வளவு பெஞ்சுதுன்னு சரியா தெரியணும் மேடம். உங்க பிள்ளைங்க அளக்கறாங்கன்னு சொன்னாங்க."

அது எட்டரை மணி. இப்போது பத்தாம் வகுப்புக்குப் போய்விட்ட அதே நான்கு பெண்களும் வேலிக்குள் இருந்தார்கள். வாட்ச்மேன் குடை பிடித்திருந்தார். ஜாடியில் தண்ணீரை ஊற்றி, பெட்டியின் அடிப்பலகை மேல் வைத்திருந்தார்கள். செயலாளர் நின்றபடியே குனிந்து, எண்ணைப் படித்துத் தன் செல்போனில் தட்டப் போனார்.

"அப்டிப் பாக்கக் கூடாது அங்கிள்," என்றாள் மூன்றாவது பெஞ்சுப் பெண். "மேலேர்ந்து பாத்தா தப்பாக் காட்டும். கண்ணு கோட்டுக்கு நேரா வரணும். முட்டி போடுங்க."

அவர் சேற்றைப் பார்த்தார். தன் பேண்ட்டைப் பார்த்தார். தலைமையாசிரியையைப் பார்த்தார். "போடுங்க சார், அவ விடமாட்டா," என்றார் தலைமையாசிரியை.

அவர் முட்டி போட்டார். வாட்ச்மேன் குடையை அவர் தலைக்கு நேராக நகர்த்தினார். ஒரு கண்ணை மூடி, கோட்டை நன்றாகப் பார்த்து, எண்ணைச் சத்தமாகச் சொன்னார் செயலாளர். அந்தப் பெண் தானும் குனிந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு, "கரெக்ட்," என்றாள்.