பிரபு வீட்டுப் பொன்முலாம் பார்க்கப் போன சனிக்கிழமை

என் மனைவி வத்சலா கல்யாண மண்டபங்களை அலங்கரிப்பவள். மணப்பெண்ணின் தாய் ஒருவர், மண்டபம் இங்கிலாந்துப் பிரபுவின் வரவேற்பறை மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். வத்சலாவுக்குக் கிடைத்த முதல் பெரிய ஓடர். பிசகினால் அடுத்தது வராது. அப்படி ஒரு வீட்டுத் தளபாடங்கள் ரொறன்ரோ நகர நடுவில் ஒரு பழைய மாளிகையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

நாங்கள் இருக்கும் ரெக்ஸ்டேலில் இருந்து வழக்கமாக ஒன்றேகால் மணி நேரம். அன்றைக்குப் பார்த்து சப்வேயில் ஒரு பகுதி மூடல். மாற்று பஸ்ஸுக்கு வரிசை. பிறகு ஏறிய ஸ்ரீட்காரும், அதாவது தெரு டிராமும், சுற்றிப் போனது. போய்ச் சேர இரண்டரை மணி நேரம். முன்வாசலில் நின்று தட்டினால், வழி பின்பக்கமாம். நுழைவுச்சீட்டு ஆளுக்குப் பதினெட்டு டொலர்.

உள்ளே ஒரே இருட்டு. பொன்முலாம் பூசிய மேசை, ஆளுயரக் கண்ணாடி, சுவரில் மெழுகுவர்த்தித் தாங்கிகள், எல்லாம் நிழலாகத்தான் தெரிந்தன. படம் எடுத்தேன். கறுப்பாக வந்தது.

"லைற் போடமாட்டினமோ?" என்று வத்சலா காவலுக்கு நின்ற இளைஞரைக் கேட்டாள். அவர் சென்னைக்காரர்.

"அந்தக் காலத்து ராத்திரி எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்குக் காட்டுறாங்க மேடம். வெப்சைட்ல போட்டிருக்கே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போவோம் என்றேன். வத்சலா அசையவில்லை. கண் பழகப் பழக, தாங்கிகளில் இருந்த சின்ன விளக்குகள் கண்ணாடிக்குள்ளும் எரிவது தெரிந்தது. மேசைக் காலில் செதுக்கிய இலைகளின் விளிம்பு மட்டும் மினுங்கியது.

"இஞ்சேருங்கோ, உது சும்மா பகட்டுக்குப் பூசினதில்லை. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிச்சுத் தாறதுக்கு," என்றாள்.

திரும்பும் பஸ்ஸிலேயே மணப்பெண்ணின் தாய்க்குப் போன் செய்து, மண்டபத்துப் பெரிய விளக்குகளை அணைக்கலாமா என்று கேட்டாள்.

"கரண்ட் போன வீடு மாதிரி இருக்கும் பிள்ளை. ஆர் வந்தது, ஆர் போனது எண்டு தெரிய வேண்டாமோ?"

வத்சலா அதே போனில் வாடகைக்கு நிலைக்கண்ணாடி தேடத் தொடங்கினாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை, வத்சலா யாரையும் கேட்காமல் பெரிய விளக்குகளை அணைத்தாள். நிலைக்கண்ணாடிகளும் முலாம் பூசிய தாங்கிகளும் சின்ன விளக்குகளும் மட்டும்தான். மகளோடு வந்த தாய் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் சுவிச்சுக்கு ஓடினேன். மகள் தாயின் கையைப் பிடித்து ஒரு கண்ணாடிக்கு முன்னால் கூட்டிப்போனாள். சின்ன விளக்கொளியில் அதற்குள் தெரிந்த மகளின் முகத்தை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உப்பிடியே விடுங்கோ தம்பி," என்றார். "சாப்பாட்டு மேசைப் பக்கம் மட்டும் லைற்றைப் போட்டுவிடுங்கோ."

அந்த மாளிகைக்குப் போக நினைப்பவர்கள் சப்வே ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நேராகப் பின்வாசலுக்குப் போங்கள். எந்த நாளில் விளக்குப் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டுவிட்டு, போடாத நாளில் போங்கள்.