ஜெசிந்தா ஏற்றுக்கொண்ட பழி

சின்னமனூர் மாடி வீட்டின் இரண்டு அறைகளில் உட்கார்ந்து ஜெசிந்தாவும் அவள் கணவன் எட்வினும் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குச் சிப் வடிவமைத்தார்கள். செல் எனப்படும் சின்னஞ்சிறு சர்க்யூட் துண்டுகளை லட்சக்கணக்கில் அடுக்கித்தான் சிப் உருவாகிறது. எந்த செல்லை எங்கே வைப்பதென்று சாப்ட்வேரே தேர்ந்தெடுக்கும். சில செல்களைத் தொடவே கூடாதென்று அதற்குத் தடை போட்டாக வேண்டும். அது ஜெசிந்தாவின் பொறுப்பு. சிக்னல்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்கின்றனவா என்று பார்ப்பது எட்வின் வேலை.

சிப்பை அனுப்ப வேண்டிய வாரத்தில் சிக்னல்கள் பிந்தின.

"அந்தப் பெரிய செல்லுக்கு மட்டும் தடைய எடுத்து விடு ஜெசி. அது சிக்னல வேகமாத் தள்ளிரும், எல்லாம் சரியாப் போகும்," என்றான் எட்வின்.

"அது தள்ளுற கரண்ட மெல்லிசுக் கம்பி தாங்காதுங்க. சூட்டுல தேஞ்சு அத்துப் போகும். வேற வழி பாப்போம்."

பார்ப்பதற்குள் ஊரிலிருந்து போன் வந்தது. திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த அவள் அப்பா இஞ்ஞாசிமுத்து, பந்தலுக்கடியிலேயே சாய்ந்துவிட்டார். போட்டது போட்டபடி ஓடினாள். "நீ முன்னால போ, வேலைய ஒதுக்கிட்டு வாரேன்" என்ற எட்வின், மறுநாள் கல்லறையில் எல்லாரும் மண் போட்டு முடித்த பிறகுதான் வந்தான். அவள் அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

சில மாதங்களில் சிப்புகள் தயாராகி வந்தன. சூடேற்றிச் சோதித்தபோது ஒவ்வொன்றாகச் செத்தன. வீடியோ மீட்டிங்கில் மேனேஜர், "உங்க லாகின்லதான் தடைய எடுத்திருக்கு ஜெசிந்தா. அப்பா தவறின குழப்பத்துல செஞ்சிட்டீங்களா?" என்று கேட்டுத் தேதியைச் சொன்னார்.

அடக்கம் நடந்த நாள். அவள் பாஸ்வேர்ட் தெரிந்தவன் ஒருவன்தான். அவனும் அதே மீட்டிங்கில், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தான். சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள். திரையில் அவன் முகம் குனிந்தது. மைக்கைத் திறக்கவில்லை.

"ஆமா சார். நான்தான்," என்றாள்.

வேலை அன்றே போயிற்று. எட்வின் அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"எனக்குப் பிரமோஷன் வர்ற நேரம் ஜெசி. உனக்கு வேற வேலை கெடச்சிரும்."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல. எங்கப்பாவக் குழிக்குள்ள எறக்கையில இங்கன என் சீட்டுல உக்காந்து இதச் செஞ்சிருக்கீக."

அவன் தன் அறைக்குத் திரும்பிப் போனான்.

வேறு கம்பெனிகள் இன்டர்வியூவுக்கு அழைத்தன. பழைய வேலை ஏன் போனது என்று எல்லாரும் கேட்டார்கள். அதே பொய்யை எல்லாரிடமும் சொன்னாள். யாரும் எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அம்மா ஜெயமேரியிடம் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

ஞாயிறு பூசைக்கு எட்வின் வருகிறான். முடிந்ததும் வீட்டுக்கும் வருவான்.

"மாப்பிள்ளை வந்திருக்காக. ஒரு வார்த்தை பேசு ஆத்தா," என்பாள் ஜெயமேரி. அவளிடமும் மகள் எதையும் சொல்லவில்லை.

"சோறு போடுங்கம்மா. பசியோட வந்திருப்பாக."

சமைப்பது ஜெசிந்தாதான். அவன் சாப்பிட்டுக் கிளம்புகிறவரை அடுப்படியைவிட்டு வெளியே வருவதில்லை.