வெற்றிலை வராத வீடு

சூறாவளியில் கூரை பறந்தபோது இலட்சுமிப்பிள்ளைக்குப் பதினான்கு வயது, தப்பினாள். வாவியில் தோணி கவிழ்ந்து புருசன் போனபிறகு, இறால் உரித்து இரண்டு ஆண்பிள்ளைகளையும் படிக்கவைத்தாள். ஆழிப்பேரலை வீட்டைக் கொண்டுபோனது. அதே வளவில் கல்வீடு எழுப்பினாள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள் அவள்; ஆனால் மூத்த மகன் இன்று கணித ஆசிரியர். இத்தனையையும் வென்றவளுக்கு அந்தக் கல்வீட்டுக்குள் ஒரு பின்னேரத்தைப் போக்காட்டத் தெரியவில்லை.

அவளுடைய ஊரான ஆரையம்பதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். ஒருவன் களுவாஞ்சிக்குடிக்கும் மற்றவன் மாங்கேணிக்கும் போனார்கள். பெண்பிள்ளை இல்லாத வீட்டில் அவள் மட்டும் மிஞ்சினாள்.

பக்கத்து ஒழுங்கையில் முதியோர் சங்கம் புதன்கிழமைதோறும் கூடியது. கைதட்டும் சிரிப்பும் அவள் முற்றம்வரை வரும். அதைக் கேட்பதற்காகவே ரேடியோவை நிறுத்திவிட்டு வாசற்படியில் இருப்பாள். போகமாட்டாள். சங்கத்தில் அவளுக்குப் பெருமை பிடித்துவிட்டது என்றார்கள்.

ஒருநாள் சங்கத்தைப் பார்க்கும் உத்தியோகத்தர் ஆர்த்திகா நேரே வந்துவிட்டாள்.

"அம்மா, ஏன் நீங்க மட்டும் வாறல்ல?"

"கூப்பிடாத இடத்துக்கு எப்பிடி புள்ள வாற?"

"கோயில் ஸ்பீக்கரில மூணுதரம் சொன்னமே!"

"ஸ்பீக்கர் நாய்க்கும்தான் சொல்லிச்சு. எனக்கெண்டு ஆரு வெத்திலையோட வந்த?"

ஆர்த்திகா சைக்கிளை மிதித்துச் சந்திக் கடைக்குப் போய், வெற்றிலையும் பாக்கும் வாங்கி, சொப்பிங் பையோடு நீட்டினாள்.

"இதென்ன, மீன் குடுக்கிற மாதிரி?"

இலட்சுமிப்பிள்ளை உள்ளே போனாள். மகன்மாரின் கலியாணத்துக்குப் பிறகு யாருக்கும் நீட்டாத பித்தளை வெற்றிலை வட்டாவைப் புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்தாள். அந்த வெற்றிலையை நுனி ஒருபக்கமாகத் தட்டில் அடுக்கி, ஆர்த்திகாவின் கையில் கொடுத்தாள்.

"ம்ம், இப்ப நீட்டிக் கூப்பிடு."

"அம்மா, புதன்கிழமை சங்கத்துக்கு வாங்க."

"வாறன்" என்று ஒரு வெற்றிலையை எடுத்தாள். உடனே பாக்கு சொத்தை என்று குறை சொன்னாள்.

முதல் கூட்டத்தில் வரவுப் புத்தகத்தில் பெருவிரலை அழுத்தினாள். அடுத்தடுத்த கூட்டங்களிலும் அதுதான். ஆனால் இப்போது தனித்திருக்கிறவர்களைச் சங்கத்துக்குக் கூப்பிட வட்டாவைத் தூக்கிக்கொண்டு போகிறவள் அவள். சிலர் வெற்றிலை எடுத்தார்கள். சிலர் கதவே திறக்கவில்லை. அந்தப் படிகளில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு வருவாள். இடையில் வீட்டில், பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், அடையாள அட்டையைப் பார்த்துத் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்தாள்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் களுவாஞ்சிக்குடியிலிருக்கும் அக்கா கண்ணகைக்கு இலட்சுமிப்பிள்ளையின் போன் வந்தது.

"அக்கா, இண்டைக்கு விரல் வைக்கல்ல. கையெழுத்து வச்ச நான்."

"முழுப்பேருமா?"

"முழுக்க. பக்கத்துப் பெட்டிக்குள்ளயும் போயிற்று. இவ்வளவு நீளப் பேரை வச்ச அப்பாவைத்தான் ஏசணும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும், அந்தப் பக்கம் தங்கச்சியின் வெறும் வீடு மட்டும் கேட்டது. அவள் போனை வைக்க மனமில்லாமல் இருக்கிறாள் என்று அக்காவுக்கு விளங்கியது. அக்காவும் வைக்கவில்லை. போனைத் தோளில் இடுக்கியபடியே, சுவர்க் கலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டாள்.

2024 ஆகஸ்ட் 14.