மாடியில் ஒன்பது ஞாயிறுகள்

பென்னாகரத்தில் கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு ஊர் நடப்பைக் கேலி பேசுவதில் பைத்தியம். தர்மபுரியில் கட்டில், பீரோ விற்கும் என் நண்பர் பாய்க்கு, பெங்களூரில் இருந்த காலத்தில் கற்றுக்கொண்ட ஜாஸ் பைத்தியம். இரண்டையும் சேர்த்து, அதியமான்கோட்டை நெடுஞ்சாலையில் ஓர் ஓட்டலின் மாடியை ஞாயிறு மாலைகளுக்குக் கேட்டு வாங்கி கிளப் ஆரம்பித்தோம். பத்து நிமிடம் நான் பேசுவேன். பத்து நிமிடம் அவர் சாக்ஸபோன் வாசிப்பார்.

முதல் வாரம் பதினோரு பேர். அதில் ஒருவர் கல்யாண வரவேற்பு என்று நினைத்து, சுவர்க்கடிகாரத்தோடு வந்தவர். அரைமணி நேரம் கேட்டுவிட்டு, "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்றார்.

"இதாங்க பாட்டு" என்றார் பாய்.

"சுருதி சேக்கறீங்கன்னு நெனச்சேன்."

பக்கத்து ஊராட்சித் தலைவர் ஒரே பயணியர் நிழற்குடையை மூன்று முறை திறந்ததைப் பற்றி நான் பேசிய பிறகு மாடி நிரம்பத் தொடங்கியது. ஆறாவது வாரம் தலைவரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பாயை முதலில் வாசிக்கச் சொன்னேன். பாய் தன் பத்து நிமிடத்தை இருபத்தைந்தாக இழுத்துப் பார்த்தார்.

"சார், இதுக்கு மேல மூச்சு இல்லீங்க. பேசிருங்க."

பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள், தலைவரைத் தவிர. முடிந்ததும் எழுந்து வந்து மைக்கைக் கேட்டார்.

"சார் சொன்னது தப்புங்க. மூணு தடவ இல்ல, நாலு. மொதத் தடவ வெறும் பந்தல்தான் இருந்துச்சு. சனங்க அதுவே நல்லாருக்குதுன்னாங்க."

மாடியே அதிர்ந்தது. அடுத்த வாரம் "தலைவரு எப்பப் பேசுவாரு?" என்று என்னிடமே கேட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர் தனக்கும் பத்து நிமிடம் வேண்டுமென்றார். ஒன்பதாவது ஞாயிறு இரண்டு தரப்பும் கொடியோடு வந்தன.

"கட்சிக் கூட்டம்னு நெனச்சு யாரும் வண்டிய நிறுத்த மாட்டேங்கறாங்க. போதுங்க" என்று ஓட்டல்காரர் மாடியைப் பூட்டினார்.

திரும்பும் வழியில் பாய், "தலைவரு உங்கள விட நல்லாப் பேசறாருங்க" என்றார். கிளப் மூடியதைவிட அதுதான் எனக்குச் சுட்டது. இரண்டு வாரம் பாயோடு பேசவில்லை.

பிறகு ஒருநாள், மாட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்கத் தலைவர் என் கடைக்கு வந்தார். போகிறபோக்கில் தன் ஊராட்சியின் புதுத் தண்ணீர்த் தொட்டியைக் கேலி செய்து ஒன்று சொன்னார். உதட்டைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை, சிரித்துவிட்டேன். அவர் போனதும் பாய்க்கு போன் போட்டு, அன்று நீங்கள் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டேன்.