மகன் வெளியே நின்ற கிளினிக்

ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று நாள் நுவரெலியாவில் நின்றேன். கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில், சனிக்கிழமைகளில் தமிழ் பேசும் டாக்டர் ஒருவர் வீடியோ வழியாக நோயாளிகளைப் பார்க்கிறார் என்று தோழி சொன்னாள். திரையில் நாடி பிடிப்பாரா என்று கேட்டேன். போய்ப் பார் என்றாள்.

காலை ஏழரை பஸ். கந்தப்பளைக்கு நாற்பது நிமிடம். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், ஆட்டோ எழுநூறு ரூபாய். பின்னிருக்கையில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தார்.

"எங்கம்மாதான் மிஸ். அதே கிளினிக்குத்தான் வர்றாங்க. ஒரு வருஷமா இடுப்பு வலி," என்றார் ஓட்டுநர். தமிழ் தெரியாத ஆஸ்பத்திரி டாக்டரிடம் எப்போதும் மகன்தான் சிங்களத்தில் சொல்வாராம். "என் வாயில்லாம இவங்களுக்கு வைத்தியமே இல்ல."

"ஆமா, ஒனக்கு வாய்க்குத்தான் கொறச்சல்," என்றார் அம்மா.

டிஸ்பென்சரியின் இணைப்புக்குச் சிக்னல் இல்லை. தாதி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நடந்தார். இது சரிவராது என்று நான் நினைத்தது சரிதான் என்று தோன்றியது. ஆனால் என் போனில் சிக்னல் இருந்தது. அதிலிருந்து இணைப்புக் கொடுத்து, போனை ஜன்னலில் வைத்தேன். திரையில் ஒரு பெண் டாக்டர் வந்தார்.

"சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?"

மகன் குனிந்தார். "இவங்களுக்கு இடுப்பு..."

"நீ வெளிய நில்லுய்யா."

"நான்தானேம்மா எப்பவும் சொல்றது?"

"இத நான்தான் சொல்லணும்."

நானும் எழுந்து வெளியே வந்தேன். மகன் ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா மிஸ்?"

"இல்லை. உங்களிட்டச் சொல்லேலாத விசயம் ஏதும் இருக்கும்," என்றேன்.

இருபது நிமிடத்தில் அம்மா, டாக்டர் சொல்லத் தாதி எழுதிய ஒரு கடிதத்தோடு வந்தார். போனை எடுக்க உள்ளே போன என்னோடு திரும்பி நடந்தபடி மெதுவாகச் சொன்னார். மாதவிடாய் நின்று ஆறு வருடங்களுக்குப் பிறகு மறுபடி ரத்தம் போகிறது. "மகன்கிட்ட எப்படிங்க சொல்றது? அதான் இடுப்புன்னேன்." டாக்டர் பயமுறுத்தவில்லை; தள்ளிப்போடக் கூடாது என்றாராம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பரிசோதனை. இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, பேரு வேணாம். நம்ம பொம்பளைங்களுக்குத் தெரியட்டும். அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

ஆட்டோவில் மலையிறங்கும்போது மகன் கேட்டார்: "திங்கக்கெழம நான் வந்து சொல்லவா?"

"எல்லாம் இதுல எழுதியிருக்கு. நீ பக்கத்துல ஒக்காந்தா போதும்."

அந்த அம்மாவுக்கு என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. திரையால் நாடி பிடிக்க முடியாது என்பதிலும் மாற்றமில்லை. ஆனால் ஒரு வருடமாகச் சொல்லாததை அவர் அங்கேதான் சொன்னார்.

இந்தப் பக்கம் வருபவர்கள் மழைச்சட்டை கொண்டுவாருங்கள். கிளினிக்கில் படம் எடுக்காதீர்கள். போனை முழுதாகச் சார்ஜ் செய்து வாருங்கள். அது யாருக்காவது தேவைப்படலாம். கொடுத்துவிட்டு வெளியே நில்லுங்கள்.